காலிக் கட்டம்

முதுநகர்த் துறைமுகத்துக்குப் பின்னால்,
ஐஸ் ஃபேக்டரி மாடியில் எங்கள் ஆய்வகம்.
கீழே கட்டி உடைக்கும் சத்தம் நின்றால்
கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

இயக்குநர் ஓர் அட்டவணை அனுப்பியிருக்கிறார்.
வங்காள விரிகுடாவைச் சுற்றி நாலு நாடு.
ஆய்வுக்குச் செலவான பணம், வெளியான கட்டுரை,
பத்து லட்சம் பேருக்கு எத்தனை விஞ்ஞானி.
கடைசிப் பத்திக்குக் 'குறிப்பு' என்று தலைப்பு.
அதைத் திங்கட்கிழமைக்குள் நிரப்ப வேண்டியவள்
மூன்று மாதமாய்ச் சம்பளம் வராத
திட்ட உதவியாளர் வேம்பரசி,
அதாவது நான்.

இந்தியா. எல்லாப் பத்தியிலும் முதலிடம்.
உப்பும் சூடும் அளக்கும் எங்கள் கருவி
சென்னைச் சுங்கத்தில் எட்டு மாதமாய் உட்கார்ந்திருக்கிறது.
அதன் பெட்டிச் சாவி மட்டும்
போன வாரம் தனித் தபாலில் வந்தது.
கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இலங்கை.
டீசல் இல்லாத அந்த வருடம்
திருகோணமலையில் படகு கட்டியே கிடந்தது.
தர்ஷாயினி இறங்குதுறையில் குந்தியிருந்து
கயிற்றில் வாளி கட்டி மொண்டாள்.
பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய வெப்பமானி.
நூற்றுப் பதினொரு நாள், ஞாயிறும் சேர்த்து.
வாளி என்பதால் எந்த ஆய்விதழும் எடுக்கவில்லை.
கட்டுரைப் பத்தியில் அவள் பங்கு அந்த வருடம் பூஜ்யம்.

வங்கதேசம்.
சிட்டகாங் ஷாஹிதாவிடம் கப்பல் இருக்கிறது,
பரிசோதனை ரசாயனம் இல்லை.
'ஆறுகள் தள்ளிவிடும் சேற்றை அளந்தே
ஆயுசு போய்விடும்' என்று எழுதுவாள்.
'உங்கள் கெடிலத்தில் தண்ணீர் ஓடுமா?'
மழை பெய்தால், என்றேன்.
வாய் பொத்திச் சிரிக்கும் பொம்மை ஒன்று வந்தது.

மியான்மர்.
கின் தந்தா மாதம் தவறமாட்டாள்.
கரையோர நீரின் உப்பு,
புள்ளிக்குப் பின் எப்போதும் மூன்று இலக்கம்.
அந்தப் பிப்ரவரிக் கோப்பில் மட்டும்
பதினேழாம் வரி
முப்பத்தொன்று புள்ளி நான்கு
என்பதோடு நின்றுவிட்டது.
மார்ச்சில் மடல் போட்டேன்.
சித்திரை ஒன்றுக்கு வாழ்த்துப் போட்டேன்,
அங்கேயும் ஏறக்குறைய அன்றைக்குத்தான் புத்தாண்டு,
தண்ணீர் ஊற்றி விளையாடுவார்களாம்.
இன்னும் அந்த இரண்டு இலக்கம் வரவில்லை.

என்ன எழுத?
காலியாக விட்டால் மென்பொருள் பொறுக்காது,
தானே ஒரு பூஜ்யம் போட்டுக்கொள்ளும்.

தானே.
இந்த ஊரில் அந்தச் சொல்லைச் சும்மா சொல்ல முடியாது.
டிசம்பர் முடிய ஒரு நாள் இருக்கையில் வந்து
பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும்
வேர் தெரிய மல்லாத்திய புயல்.
'தானே வந்துச்சு, தானே போச்சு'
என்று ரேஷன் வரிசையில் பேசிக்கொண்டோம்.
பிறகுதான் தெரிந்தது, அது தமிழே இல்லை.
சுற்றியுள்ள நாடுகள் முறை வைத்துப்
பேர் எழுதிக் கொடுத்த பட்டியலில்
பர்மாக்காரர்கள் முறைக்கு வந்த பேர்.
இத்தனை பேரும் கூடி, சண்டையில்லாமல்,
முறை தப்பாமல் செய்கிற வேலை
அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பூஜ்யத்தை அழித்தேன்.
சின்னதாய் ஒரு கோடு போட்டேன்.
உடனே கீழே, சராசரி வர வேண்டிய கட்டத்தில்
'பிழை' என்று சிவப்பாய் விழுந்தது.
இருக்கட்டும்.
இயக்குநர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்,
கேட்கமாட்டார்.

கீழே சத்தம் நின்றது. விசிறியும்.
ஐஸ் ஃபேக்டரி பக்கிரியிடம் வாளி கேட்டேன்,
மீன் நாற்றம் போக இரண்டு முறை கழுவினேன்.
படகுகளுக்கு நடுவே கயிற்றை இறக்கி
தர்ஷாயினி சொல்லித் தந்தபடி
முதல் வாளியைக் கொட்டிவிட்டு
இரண்டாவதை நிழலில் வைத்து, உடனே பார்த்தேன்.

காலை பத்து நாற்பது.
இருபத்தெட்டு புள்ளி ஆறு.
பக்கத்தில், வாளி, என்று எழுதினேன்.